இருபத்துமூன்று ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் நான்கு திருமண வீடியோக்கள் இருக்கின்றன. நான்கிலும் அவர் இருக்கிறார். நான்கிலும் முதுகு மட்டும்தான் தெரிகிறது. வீடியோக்காரரின் வெளிச்சம் தன் பக்கம் திரும்புவது தெரிந்ததும் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டத் தொடங்கிவிடுவார். 2003ஆம் ஆண்டு மே மாதத்துக் கலியாணத்தில் அவர் போட்டிருந்தது நூலே இல்லாத சப்பாத்து. அப்போதும் குனிந்தார். அந்த இடம் வரும்போது என் மனைவி படத்தை நிறுத்திவிடுவாள்.

"பாருங்கோ, உங்கடை சிநேகிதன் இல்லாத நூலைக் கட்டுறார்."

அவரை நான் முதலில் கண்டது 2001 ஏப்ரல் 8, குருத்தோலை ஞாயிறு. ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே நாங்கள் குடியிருந்த சிறு நகரத்தில், தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, தேவாலயத்தின் பின்சுவரோடு ஒருவர் மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்த காலத்தில், 1981இல் செய்தது. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றவேண்டிய வகை. ஓடினால் பின்னால் நீலப் புகை எழும்பும். யாரோ அவருக்கு என்னைக் காட்டிவிட்டிருந்தார்கள்.

"அண்ணை, உங்களிட்டைக் கார் இல்லாத ஒரு கராஜ் இருக்காம்."

"இருக்கு. புத்தகம் வைச்சிருக்கிறன்."

"புத்தகத்துக்குப் பக்கத்திலை இதையும் விடலாமோ? இது ஒண்டையும் வாசிச்சுப் பழுதாக்காது."

அப்படித்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வயதில் என்னைவிட இரண்டு வருடம் இளையவர். பக்கத்து நகரத்தில் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. 1999 பெப்ரவரியில் ஜெர்மனிக்கு வந்தவர். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு 'டுல்டுங்' என்ற தாளோடு இருந்தார். அது வதிவிட அனுமதி அல்ல. உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை, பொறுத்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லும் தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் நாட்டின் எல்லையைத் தாண்டினால், தாண்டிய கணமே அது செல்லாது.

அந்தத் தாளோடுதான் அவர் ஐரோப்பாவின் சிறு வீதிகளில் சுற்றினார்.

எங்கே போனார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சக்கரத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் வாளியும் துணியுமாக இருந்து வண்டியைக் கழுவிவிடுவார். அதற்கு முன் நான் கராஜுக்குள் போனால் ஏதாவது அகப்படும். எங்கள் பக்கத்தில் இல்லாத செம்மண். சேற்றுத்தட்டில் ஒட்டிய புகையிலைத் துண்டு. 2004 ஓகஸ்ட் 15ஆம் தேதி வெள்ளை மணல், அதற்குள் நகத்தளவு சிப்பி.

"எங்கை போனனீர்?"

"சும்மா பக்கத்திலை."

"பக்கத்திலை கடல் இல்லையே."

"மழை கூடப் பெய்தது அண்ணை."

போவதற்கு முன் கராஜ் நிலத்தில் வரைபடத்தை விரித்து, முழங்காலில் இருந்து அரை மணி நேரம் பார்ப்பார். பேனை எடுக்கமாட்டார், கோடு போடமாட்டார். பிறகு மடித்து என்னிடம் தந்துவிடுவார். "இனி எனக்குத் தேவையில்லை." வரைபடத்தில் வெள்ளையாகக் கீறியிருக்கும் மெல்லிய வீதிகள்தான் அவருக்கு. அதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது.

"சிவப்பு றோட்டிலை கமரா நிக்கும். மஞ்சள் றோட்டிலை பொலிஸ் நிக்கும். வெள்ளை றோட்டிலை மாடு நிக்கும். மாடு பேர் கேக்காது."

ஊருக்குள் இறங்கும் பாதை என்றால் மேட்டிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு போவார். புகையும் இராது. ஊர் கடந்த பிறகுதான் உதைத்து எழுப்புவார். "இப்பிடி ஒருத்தன் வந்து போனவன் எண்டு அந்த ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாது" என்று ஒருமுறை சொன்னார். மற்றவர்கள் மலை உச்சியில் கொடி நட்டதைச் சொல்லும்போது வரும் பெருமை அவர் குரலில் இருந்தது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி, துடைத்து, எடுத்த அலுமாரித் தட்டிலேயே வைத்துவிடுவார். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் எங்கள் சோபாவில் படுத்திருந்தார். எழும்பிப் போனபின் மனைவி போர்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆள் படுத்த மடிப்பே இல்லை. நீங்கள் ஆரைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள், மனிசனையோ பேயையோ?" என்றாள்.

எனக்கோ இதற்கு நேர்மாறான பழக்கம். 1985 செப்டெம்பரில் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து தினக்குறிப்பு எழுதுகிறேன். தேதி, கிழமை, நேரம், வானிலை, யார் வந்தார், என்ன சொன்னார். பொருட்கிடங்கில் சரக்கு வந்த நாளைப் பதிவதுதான் வேலை. அதையே வீட்டுக்கு வந்தும் சம்பளமில்லாமல் செய்கிறேன் என்பது மனைவியின் குற்றச்சாட்டு. கராஜில் இருந்த புத்தகங்களில் பாதி வரலாறு, அதிலும் கல்வெட்டுத் தொகுதிகள். ஒருநாள் அவர் வண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒன்று வாசித்துக் காட்டினேன். கோயில் விளக்கு அணையாமல் எரிய ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையன் ஒருவனின் பெயர், ஆட்சியாண்டோடு கல்லில் நிற்கிறது.

"பாரும், ஆயிரம் வருஷம். அரசன்ரை அரண்மனை இல்லை. இவன்ரை பேர் இருக்கு."

அவர் எண்ணெய்க் குப்பியை நிமிர்த்திப் பிடித்தார். "அவனைக் கேட்டிட்டோ வெட்டினவங்கள்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். 2001 நவம்பர் 18, பிற்பகல், வெளியே முதல் பனி. கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் பரப்பியிருந்தார். நான் கேட்காமலே தொடங்கினார்.

"என்ரை அண்ணன்ரை பேர் ஒரு கராஜ்காரன்ரை பில் புத்தகத்திலை இருந்தது. செயின் மாத்தினதுக்கு. பேரும் விலாசமும். வந்தவங்கள் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வீடு வீடா வந்தவங்கள். செயின் மாத்தின எட்டுப் பேரையும் ஏத்தினவங்கள். ஒருத்தரும் திரும்பேல்லை."

வந்தவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. நான் கேட்டது வேறு.

"அது எந்த வருஷம்?"

கையில் இருந்த சிறு ஊசியைத் தாளில் வைத்தார். "வெயில் காலம்" என்றார். அதன்பிறகு அண்ணனைப் பற்றி அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. நான் கேட்ட கேள்வியையும் அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன். வாசிக்கும்போது பக்கத்தைக் கெதியாகத் திருப்பிவிடுவேன்.

அந்த நவம்பரில் அவரிடம் எந்தத் தாளும் இருக்கவில்லை. ஒக்டோபர் முதல் வாரத்தில் அகதிகள் விடுதியில் யாரையோ திருப்பி அனுப்பப் பொலிஸ் விடிய வந்து ஏற்றிப்போனது. அன்றே இவர் பையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். டுல்டுங் புதுப்பிக்கக் குறித்துக் கொடுத்த நாளுக்கு, டெர்மினுக்கு, போகவில்லை. வேலை செய்த சமையலறைக்குப் பின்னால் கிழங்கு மூட்டை அடுக்கும் அறையில் படுத்தார். ஐந்து மாதத்துக்கு மேல் அப்படி. ஏடுகளைப் பொறுத்தவரை அந்த மாதங்களில் அவர் உலகத்திலேயே இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் கராஜுக்கு வந்தார். 2001 ஒக்டோபர் 7 தொடக்கம் 2002 மார்ச் 10 வரை இருபத்துமூன்று ஞாயிறுகள், ஒன்றும் தவறவில்லை. மார்ச் 11, திங்கட்கிழமை, தானாகவே அலுவலகத்துக்குப் போய் நின்றார். திட்டிவிட்டுப் புதிய தாள் கொடுத்தார்கள்.

அந்த இருபத்துமூன்றில் ஒரு ஞாயிறு மட்டும் நான் அவருடைய வண்டியில் ஏறினேன். ஒக்டோபர் 28. கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கும் நாள். காலையில் நான் கதிரையில் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது வந்தார்.

"அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு ஒரு மணித்தியாலம் சும்மா கிடைச்சிருக்கு. வாங்கோ, செலவழிச்சிட்டு வருவம்."

"எங்கை?"

"வெள்ளை றோட்டாலை."

கார்ல்ஸ்ரூவுக்குப் பக்கத்தில் ரைன் நதிப் பாலத்தில் மட்டும்தான் பெரிய வீதியைத் தொட்டோம். அதற்கு வேறு வழியில்லை. பின்னால் இருந்த எனக்குப் பாலத்தில் ஏறும்போது அவருடைய தோள்கள் இறுகுவதும், இறங்கியபின் இளகுவதும் நன்றாகத் தெரிந்தது. பிறகு இலை மஞ்சளித்த திராட்சைத் தோட்டங்கள். பாதையில் உதிர்ந்து கிடந்த கஷ்கொட்டைகள் சக்கரத்தில் பட்டு வெடித்தன. அதன்பின் காடு. மெல்லிய மழை. என் மூக்குக்கண்ணாடி புகைத்துவிட்டது, கைக்கடிகாரத்தை மட்டும் அடிக்கடி துடைத்துப் பார்த்தேன். காட்டுக்குள் ஓரிடத்தில் தாரின் கறுப்பு சாம்பல் நிறமாக மாறியது. ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். உடனே அவருடைய முதுகும் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி ஒரு சிறு ஊருக்குள் உருண்டோம். இருபது வீடு, ஒரு தேவாலயம், ஒரு கோப்பிக்கடை. கடைக்கார அம்மா கரடுமுரடான ஜெர்மனில் பேசினார். வெங்காயமும் கொழுப்பிறைச்சியும் தூவிய மெல்லிய ரொட்டி தந்தார். நான் நீட்டிய மார்க் தாளை வாங்கிக்கொண்டார். நான் மேசைக்குக் கீழே நோட்டை விரித்து நேரத்தையும், கடைப் பலகையில் இருந்த ஊரின் பெயரையும் எழுதினேன். அவர் பார்த்துவிட்டார்.

"எழுதிப்போட்டியளோ?"

"ஓம்."

"என்னத்தை?"

"நேரம், ஊர், கோப்பி குடிச்சது."

"கோப்பியை வெட்டிவிடுங்கோ. மருந்துப் பாணி மாதிரி இருந்தது."

சாப்பிட்டபின் வெளியே போனார். நான் யன்னலுக்குள்ளால் பார்த்தேன். தலைக்கவசத்தைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, அந்த ஊரின் ஒரே வீதியில், நடு வீதியில், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். திரும்பி நடந்து வந்தார். சைக்கிளில் போன கிழவர் ஒருவருக்குக் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். எங்கள் நகரத்தில் அவர் எப்போதும் சுவரோடு ஒட்டித்தான் நடப்பார். அவருடைய முகத்தை முழுமையாக நான் பார்த்தது அந்த ஊரில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

2007ஆம் ஆண்டு கோடை முடிவில் புதிய சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஜூலை முதலாம் தேதியன்று எட்டு ஆண்டுகள் இடைவிடாமல் ஜெர்மனியில் இருந்த, டுல்டுங் வைத்திருக்கும் தனி ஆட்களுக்கு வதிவிட அனுமதி கொடுக்கலாம். அவர் வந்து எட்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருந்தது. மயிரிழை.

அவருக்கு அது ஏன் வேண்டும் என்பதை ஒரு வரியில் சொல்லலாம். மனைவியும் மகளும் திருச்சியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். அவர் வெளிக்கிட்டபோது மகள் கைக்குழந்தை. இப்போது ஒன்பது வயது. தகப்பனைத் தொலைபேசிக் குரலாக மட்டும் தெரிந்தவள். அனுமதி கிடைத்தால் அவர் விமானம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம், பிறகு அவர்களைக் கூப்பிடவும் வழி பிறக்கலாம். வேறு எந்த வழியாலும் அவர் அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியாது. திருச்சிக்கு வெள்ளை வீதி இல்லை.

அகதிகளுக்கான ஆலோசனை நிலையத்தில் ஒரு பெண் வழக்கறிஞர் அவருக்காக அன்ட்ராக் என்ற விண்ணப்பத்தை நிரப்பினார். கோப்பைப் புரட்டியவுடனேயே அவர் கண்டது அந்த ஐந்து மாதத்தைத்தான். ஜெர்மனியில்தான் இருந்தீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? சம்பளச் சிட்டை? மருத்துவர் சீட்டு? பஸ் அட்டை? ஒரு படம்? இவரிடம் ஒன்றும் இல்லை. வாழ்நாள் முழுக்க அத்தாட்சி இல்லாமல் இருப்பதற்காகத்தானே பாடுபட்டார்.

பக்கத்தில் இருந்த நான், "என்னிடம் இருக்கிறது" என்றேன். அந்த நேரத்தில் எனக்குள் எழுந்ததை இன்று மறைக்கப்போவதில்லை. அது சந்தோஷம். இருபத்திரண்டு வருடம் எழுதியதற்கு ஒரு பயன் வந்ததே என்ற சந்தோஷம்.

அவர் மூன்று கிழமை சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு, கராஜ் வாசலில் நின்று, "பிள்ளை படம் கேக்கிறாள்" என்றார். "அவளின்ரை வகுப்பிலை எல்லாரிட்டையும் தகப்பன்ரை படம் இருக்காம். சரி, எழுதுங்கோ. ரெண்டு மூண்டு நாள் காணும்."

"இருபத்திமூண்டும் எழுதுறன். முழுசா இருந்தால்தான் நம்புவாங்கள்."

"ரெண்டு மூண்டு காணும் அண்ணை."

"உமக்குத் தெரியாது. ஆதாரம் எண்டால் இடைவெளி இருக்கக்கூடாது."

ஒன்பது நாள் இருந்து தட்டச்சு செய்தேன். ஜெர்மன் மொழியில் பதினொரு பக்கம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் நேரம், இடம், வானிலை, செய்த வேலை. முடித்ததும் அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்ட இருந்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"வாசியாதேங்கோ. கேட்டால் எனக்கும் தெரிஞ்சதாய்ப் போயிடும்."

"உம்மைப் பற்றித்தானே எழுதியிருக்கு!"

"அதுதான் சொல்லுறன்."

2007 நவம்பர் 12, திங்கட்கிழமை, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அலுவலர் ஒரு நடுவயதுக்காரர், மரியாதையானவர். பக்கங்களைப் புரட்டிவிட்டு இப்படி ஒரு சாட்சியத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். அதையும் அன்றைய குறிப்பில் எழுதினேன்.

2008 ஜனவரி 24ஆம் தேதி நிராகரிப்புக் கடிதம் வந்தது. சாட்சி சொல்வது முழுக்க நம்பத்தக்கதாக இருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. ஆகவே விண்ணப்பதாரர் 2001 ஒக்டோபர் 28 பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு எங்கே இருந்தார் என்பதும் நிரூபணமாகிறது. சாட்சி குறிப்பிடும் ஊர் பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது. இடைவிடாத வதிவிடம் இல்லை.

வரைபடத்தை எடுத்தேன். அவர் எப்போதோ மடித்துத் தந்தவற்றில் ஒன்று. எல்லைக் கோட்டுக்கு நான்கு கிலோமீட்டர் அப்பால், 'பாக்' என்று முடியும் சுத்தமான ஜெர்மன் பெயரோடு அந்த ஊர் இருந்தது. அல்சாஸ் பகுதியில் பாதி ஊர்களுக்கு அப்படித்தான் பெயர். அந்த நிலம் எத்தனை தடவை, எந்தெந்த ஆண்டில் கைமாறியது என்று என்னால் புத்தகம் பார்க்காமல் சொல்ல முடியும். எல்லாம் படித்திருக்கிறேன். தேதியை இருபத்துமூன்று தடவை சரிபார்த்த நான் ஊரை ஒரு தடவையும் வரைபடத்தில் தேடவில்லை.

ஜனவரி 27, ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கடிதத்தை வழக்கறிஞர் முன்பே விளங்கப்படுத்தியிருந்தார். எப்போதும்போலச் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோடு நேராக வைத்துவிட்டு இருந்தார். மனைவி தேநீர் வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோடு நின்றாள்.

"அண்டைக்கு அது பிரான்ஸ் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் எழுதியிருப்பியள்."

அவர் அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோலச் சொன்னார். எழுதியிருப்பேன். எல்லை கடந்த நிமிடத்தையும் சேர்த்து எழுதியிருப்பேன்.

மனைவிதான் பேசினாள். "இவர் வேணுமெண்டு செய்யேல்லைத் தம்பி."

"அது தெரியும் அக்கா. வேணுமெண்டு செய்யிறவனிட்டை இருந்து தப்பலாம்."

தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி, துடைத்து, எடுத்த இடத்தில் வைத்தார்.

வழக்கறிஞர் மனம் விடவில்லை. ஒரு பிற்பகல் கோப்பி குடிக்கப் போனதை நாட்டை விட்டு வெளியேறியதாகக் கொள்ள முடியாது, மேலிடம் ஏற்றுக்கொள்ளும் என்று ஆட்சேப மனு போட்டார். ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். அதை நான் அவருக்குச் சொன்னபோது கேட்டார்: "ஆறு மாதத்திலை எத்தினை பேர் அந்தக் கோப்பை வாசிப்பினம்?"

"வாசிச்சால்தானே ஒரு முடிவு வரும்? இரும். ஓடாதையும்."

"நீங்கள் இருங்கோ அண்ணை. உங்களுக்கு இருக்கிறது சரிவருது."

2008 பெப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு இருபது. கராஜ் கதவு திறந்த சத்தம் கேட்டுக் கீழே போனேன். ஏழு வருட எண்ணெய்க் கறையை மரத்தூள் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார். நிலம் வெளுத்துக் கிடந்தது. பின்னால் ஒரு பை மட்டும். "வாறன் அண்ணை" என்றார். எங்கள் ஆட்கள் போகும்போதும் அதைத்தான் சொல்வார்கள், அதனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை எழுப்பாமல் வீதியின் இறக்கத்தில் உருண்டு போனார். சந்தியில் திரும்பியபிறகும் சத்தம் கேட்கவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதையும் எழுதிவிட வேண்டும். சொந்தப் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு அந்தப் பதினொரு பக்கத்தை ஒரு தடவை கேட்டிருக்கலாம். கால் மணி நேரம் போயிருக்கும். ஊரின் பெயர் வந்ததும் "அதை எடுங்கோ" என்று சொல்லியிருப்பார், நானும் முணுமுணுத்துவிட்டு எடுத்திருப்பேன். ஆறு மாதம் அதே கிழங்கு அறையில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம். தன் அடையாளத்தை அழிப்பதில் அவருக்கு இருந்த அக்கறை, அடையாளம் தேவைப்பட்ட பிள்ளையின் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கலாம். இப்படியெல்லாம் இரண்டு மூன்று நாள் நினைத்து என்னை ஆறுதல்படுத்திக்கொள்வேன். பிறகு "ரெண்டு மூண்டு காணும் அண்ணை" என்ற குரல் வரும்.

ஜூன் 11, புதன்கிழமை, வழக்கறிஞர் வேலைத்தளத்துக்கே தொலைபேசி எடுத்தார். மனு வென்றுவிட்டது. ஒரு பிற்பகல் இடைவெளியாகாது. அனுமதி தயாராக இருக்கிறது. ஜூலை 10, காலை பத்து மணி டெர்மின். ஆள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் கோப்பு மூடப்படும்.

அவருடைய கைத்தொலைபேசி பெப்ரவரியிலிருந்தே உயிரில்லாமல் இருந்தது. திருச்சி இலக்கம் வழக்கறிஞரிடம் இருந்தது. எடுத்தால் வேறு யாரோ பேசினார்கள், அந்தக் குடும்பம் சித்திரையில் வீடு மாறிவிட்டதாம். நான் ஒரு மாதத்தில் பதினேழு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். பரிஸ், லண்டன், ஆராவ், ஒஸ்லோ. காணவில்லை, தெரியாது, கேள்விப்படவில்லை. கடைசியில் விடுதிச் சமையற்காரர் ஒருவர் வடபிரான்ஸில் அவருடைய சித்தியின் மகள் இருப்பதாகச் சொல்லி இலக்கம் தந்தார். ஜூலை 8, மாலை ஐந்து பத்துக்கு எடுத்தேன். நான் யாரென்று சொல்லி, அவருடைய பெயரையும் சொன்னேன்.

"நீங்களோ அந்தத் தேதி எழுதிற அண்ணை?"

"ஓம் பிள்ளை. ஒரு நல்ல செய்தி சொல்லவேணும்."

"போனமுறை எழுதிக் குடுத்ததும் நல்லதுக்குத்தான் எண்டு கேள்வி."

"பிள்ளை, கேளும். அவருக்கு விசா கிடைச்சிருக்கு. பத்தாந் தேதி காலமை பத்து மணிக்கு..."

"பாத்தியளே, திரும்பவும் தேதி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்பிடிச் சொல்லிக் கூப்பிட்டு விமானம் ஏத்தினதை நாங்கள் கண்டிருக்கிறம் அண்ணை. நீங்கள் நம்பித்தான் சொல்லுறியள். உங்களை ஆர் நம்புறது?"

"அவர் அங்கை வந்தவரோ? அதை மட்டும் சொல்லும்."

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை வரேல்லை. நீங்கள் கதைச்ச நேரத்தையும் எழுதி வையுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டாள். மறுநாள் முழுவதும் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 10ஆம் தேதி நானும் வழக்கறிஞரும் அலுவலகத்துக்குப் போனோம். அதே நடுவயது அலுவலர். மேசையில் பச்சை நிறத் தாள் ஒன்று கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பத்தரை வரை பொறுத்தார். அவருக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். பின்னர் படிவம் ஒன்றை எடுத்து, அதில் நிரப்ப வேண்டிய கட்டத்தில் பேனையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நீங்கள் தேதிகளைச் சரியாக வைத்திருப்பவர் ஆயிற்றே என்றார் சினேகமாக. உங்கள் சிநேகிதர் எப்போது நாட்டை விட்டுப் போனார்?

நாள், கிழமை, மணி, நிமிடம் எல்லாம் எனக்குத் தெரியும்.

தெரியாது என்றேன்.

அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இருக்கவில்லை. கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்பதால் அலுவலர் அன்றைய தேதியைப் போட்டு முத்திரை குத்தினார். அந்தக் கோப்பில் அவர் ஜெர்மனியை விட்டுப் போன நாள் 2008 ஜூலை 10 என்று இருக்கிறது. அது பிழை.